எலுமிச்சை பிழிந்தால் சால்மோனெல்லா சாகுமா?

கேள்வி: வீட்டிலிருந்தே மாலை நேரத்தில் சிக்கன் ரோல், முட்டை சாண்ட்விச், கலக்கி செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன். தினமும் ஒரு தட்டு முட்டை (30) செலவாகிறது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை வந்ததும் அதை நிறுத்திவிட்டேன். ஆனால் வாங்க வருபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். எலுமிச்சையும் வினிகரும் சேர்த்து உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் சால்மோனெல்லா கிருமி செத்துவிடாதா? முட்டையைக் கழுவி வைப்பதா, கழுவாமல் வைப்பதா? போன வாரம் ஒருவர், இரவு ஏழு மணிக்கு ரோல் சாப்பிட்டு ஒன்பது மணிக்கே வாந்தி எடுத்ததாகச் சண்டைக்கு வந்தார். அது எங்கள் கோழியால் வந்ததுதானா? வீட்டில் 72 வயது மாமியாரும் ஒன்றரை வயதுக் குழந்தையும் இருப்பதால் பயமாக இருக்கிறது.
- வாசகி, கரூர்

பதில்: சகோதரி, முதல் கேள்விக்கு நேரான பதில், சாகாது. எலுமிச்சை, வினிகர், உப்பு, மஞ்சள், ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் எல்லாமே சால்மோனெல்லாவின் கையைக் கட்டிப்போடும், அவ்வளவுதான். சமையலறையில் அதை நம்பிக் கொல்லக்கூடியது சூடு ஒன்றே. எனவே நீங்கள் விற்கும் ஒவ்வொரு பண்டத்தைப் பற்றியும் இரண்டு விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். இதில் சூடு எந்த இடத்தில் ஏறுகிறது? சூடு ஏறிய பிறகு இதில் எது படுகிறது? பச்சை முட்டை மயோனைஸ் முதல் கேள்வியிலேயே அடிபட்டுப் போகிறது, ஏனென்றால் அதில் சூடு என்பதே கிடையாது.

முட்டை சுத்தமாக இருக்கிறது, விரிசல் இல்லை, நாற்றம் இல்லை என்று பார்த்து வாங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் சால்மோனெல்லாவில் என்டரிடிடிஸ் என்ற வகை கோழியின் கருப்பைப் பாதையிலேயே குடியேறிவிடும். ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடும். அந்தக் கோழி நோயாளியாகத் தெரியாது. முட்டையிலும் நிறமோ மணமோ மாறாது. உள்ளே இருப்பவையும் பெரும்பாலும் மிகச் சில கிருமிகள்தான். முழு முட்டையாக இருக்கும்வரை அவற்றால் பெரிதாகப் பெருக முடியாது. வெள்ளைக்கருவில் கிருமியை எதிர்க்கும் புரதங்கள் இருக்கின்றன. கிருமிக்குத் தேவையான இரும்புச்சத்து மஞ்சள்கருவுக்குள் அடைபட்டிருக்கிறது. நாள் ஆக ஆக மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சவ்வு தளர்ந்து சத்து வெளியே கசியத் தொடங்கும். பழைய முட்டை ஆபத்தாவது அப்படித்தான்.

மிக்ஸியில் போட்டு அடித்தால் வாரக்கணக்கில் நடக்க வேண்டிய அந்தக் கசிவு ஒரு நொடியில் நடந்துவிடுகிறது. அதோடு ஒரு தட்டு முட்டையையும் ஒரே பாத்திரத்தில் உடைத்து ஊற்றினால், ஒரு முட்டையில் இருந்த கிருமி முப்பது முட்டைக்கும் பங்காகிறது. கரூர் வெயிலில் அடுப்படிச் சூடு 35 டிகிரியைத் தாண்டும். சால்மோனெல்லாவுக்கு மிகவும் பிடித்த சூடு 35 முதல் 37 வரை. இடம் பழகிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். பழகிவிட்டால் சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பத்துக் கிருமி நான்கு மணி நேரத்தில் நாற்பதாயிரம் ஆகிவிடும். மதியம் மூன்று மணிக்கு உடைத்து வைத்த முட்டைக் கலவையை இரவு எட்டு மணிவரை கரண்டியால் மொண்டு மொண்டு எடுக்கும் வழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஆர்டருக்கு ஆர்டர் உடைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது புளிப்புக்கு வருவோம். மயோனைஸ் தொழிற்சாலைகளும் புளிப்பை நம்புகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். நம்புகின்றன, ஆனால் அளந்து நம்புகின்றன. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கொண்டு, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவை (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.1 அல்லது அதற்குக் கீழே இறக்கி, கருவியால் சோதித்து, பிறகு அமிலம் வேலை செய்வதற்கென்று குறிப்பிட்ட நேரம் குளிரூட்டாமல் வைத்திருப்பார்கள். பல ஆலைகள் பாஸ்ச்சரைஸ் செய்த, அதாவது கிருமி சாகும் அளவுக்கு மட்டும் சூடேற்றிய முட்டையைத்தான் வாங்குகின்றன. வீட்டில் இரண்டு இடத்தில் இது கவிழும். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக் அமிலம். ஒரே பி.எச். அளவில் அசிட்டிக் அமிலம் கொல்வதைவிட இது குறைவாகவே கொல்லும். பழத்துக்குப் பழம் புளிப்பும் மாறும். இரண்டாவதைப் பலர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். அமிலம் கிருமியைத் தாக்குவது வெதுவெதுப்பில்தான் வேகமாக நடக்கும். செய்தவுடன் ஃப்ரிட்ஜில் வைத்தால் கிருமி பெருகாது, ஆனால் சாகவும் செய்யாது. அமிலத்திலிருந்து காப்பாற்றி வைத்தது போல் ஆகிவிடும். அதற்காக வெளியே வைத்துவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புளிப்பு போதாத மயோனைஸை வெளியே வைத்தால் கிருமி பெருகும். பி.எச். மீட்டர் இல்லாத சமையலறையில் இந்த வழியே வேண்டாம்.

மயோனைஸில் முக்கால் பங்கு எண்ணெய் இருப்பதையும் கணக்கில் எடுங்கள். கொழுப்புக்குள் பொதிந்து போகும் கிருமியை வயிற்று அமிலம் சரியாகத் தொடுவதில்லை. சாக்லேட், நிலக்கடலை வெண்ணெய் போன்றவற்றால் நோய் பரவியபோது, மிகக் குறைந்த எண்ணிக்கைக் கிருமிகளே ஆட்களைப் படுக்க வைத்திருக்கின்றன.

சரி, விற்பனையை விட முடியாது என்றால் என்ன செய்வது? சூடு ஏற்றிய மயோனைஸ் செய்யலாம். ருசியில் பெரிய வித்தியாசம் இருக்காது. இரண்டு மஞ்சள்கரு, இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகர், இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் கடுகுத்தூள், அரை டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள் கொஞ்சம். எல்லாவற்றையும் சின்னக் கிண்ணத்தில் நன்றாகக் கலந்து, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. ஓரத்தை வழித்துவிட்டுக்கொண்டே விடாமல் கிண்டுங்கள். குத்தி அளக்கும் தெர்மாமீட்டர் 71 டிகிரி காட்ட வேண்டும். ஒரு நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்துக் கிண்டி இறக்குங்கள். வினிகரும் தண்ணீரும் கலந்திருப்பதால் அந்தச் சூட்டில் கரு திரளாது, கஸ்டர்டு பதத்தில் கெட்டியாகும். 80 பக்கம் போய்விட்டால் முட்டைப் பொரியலாகிவிடும். அது வீண்தான், ஆபத்தில்லை. நான்கைந்து நிமிடம் ஆறவிட்டு, கழுவிக் காயவைத்த மிக்ஸி ஜாரில் போட்டு, 240 மில்லி ரிஃபைன்ட் எண்ணெயை நூல் போல விட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில். எண்ணெயை அவசரமாக ஊற்றினால் மயோனைஸ் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். உடனே இன்னொரு பச்சை மஞ்சள்கருவைப் போட்டுச் சரிசெய்யச் சொல்லும் சமையல் குறிப்புகள் ஏராளம். அதைச் செய்தால் அதுவரை ஏற்றிய சூடெல்லாம் வீண். வேறொரு சுத்தமான கிண்ணத்தில் கொதித்து ஆறிய வெந்நீர் ஒரு டேபிள்ஸ்பூன் விட்டு, திரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்து அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். மிளகுத்தூளையும் கடுகுத்தூளையும் கடைசியில் தூவாமல் சூடேற்றும் முன்பே சேர்க்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. காய்ந்த மசாலாவில் சால்மோனெல்லா மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஈரமில்லாத இடத்தில் சூட்டையும் அதிகம் தாங்கும். ஈரக் கலவையில் சேர்த்துச் சூடேற்றினால்தான் சாகும்.

தெர்மாமீட்டர் வாங்கியதும் ஒரு டம்ளர் நிறைய ஐஸ் கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு அதில் விட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் மாற்றுங்கள். இந்தத் தொழிலில் உங்களுக்கு இதைவிட உபயோகமான கருவி வேறில்லை.

முட்டையே வேண்டாம் என்றால், காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பால் 100 மில்லி, எண்ணெய் 200 முதல் 250 மில்லி, உப்பு, கடைசியில் வினிகர் என்று ஹேண்ட் பிளெண்டரில் அடித்தாலும் கெட்டியாக வரும். ஆனால் பால் மயோனைஸ் என்றால் வெளியே வைக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். எதுவானாலும் 5 டிகிரிக்குக் கீழே வைத்து, விற்பனைக்கு அன்றன்றைக்கே செய்துகொள்ளுங்கள். பார்சலில் ரோலுக்குள் தடவாமல் தனிக் கப்பில் கொடுங்கள். வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லுங்கள். கரூரில் வருடத்தில் பாதி நாள் அப்படித்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தடை போட்டது. கேரளம் 2023-லும் தெலங்கானா 2024-லும் அதையே செய்தன. அரசு உத்தரவு காலாவதியானாலும் கிருமியின் குணம் மாறாது. நீங்கள் பழையபடி திரும்பாதீர்கள்.

சூடேற்றிய பிறகு எது படுகிறது என்ற இரண்டாவது கேள்விக்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1994-ல் மின்னசோட்டா மாநிலத்தில் ஷ்வான்ஸ் என்ற நிறுவனத்தின் ஐஸ்கிரீமால் நாடு முழுக்க சுமார் 2,24,000 பேருக்கு சால்மோனெல்லா நோய் வந்ததாக மதிப்பிட்டார்கள். ஐஸ்கிரீம் கலவையை முறையாகப் பாஸ்ச்சரைஸ் செய்துதான் இருந்தார்கள். ஆனால் அதை ஏற்றி வந்த டேங்கர் லாரிகள் அதற்கு முன்னால் உடைத்து ஊற்றிய பச்சை முட்டையை ஏற்றிச் சென்றவை. கொல்லும் வேலை சரியாக நடந்து முடிந்த பிறகு, கழுவாத பாத்திரத்தில் ஊற்றிய கதைதான். உங்கள் வீட்டு அளவில் அந்த டேங்கர் எது? பச்சை முட்டை அடித்த அதே கரண்டி, கோழி வெட்டிய பலகையில் நறுக்கும் வெங்காயம், மேடையையும் கையையும் துடைக்கும் ஒரே துணி, முட்டை உடைத்த கையோடு ஆர்டர் எடுக்கத் தொடும் செல்போன். இந்த நாலும்தான். கோழிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி வையுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் திரவம் ஒரு டீஸ்பூன் (5 மில்லி) ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து பலகையை இரண்டு நிமிடம் நனைத்துக் காற்றில் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு பிளீச் போட்டால் வேலை செய்யாது. பிளீச்சோடு வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

முட்டையைக் கழுவலாமா? வாங்கி வந்ததும் கழுவி அடுக்க வேண்டாம். ஓட்டின் மேல் மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று இருக்கிறது. ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான துளைகளை அடைத்து வைத்திருப்பது அதுதான். கழுவினால் போய்விடும். அதைவிட மோசம் குளிர்ந்த தண்ணீர். வெதுவெதுப்பான முட்டை குளிரும்போது உள்ளே சுருங்கும், வெளியே இருக்கும் அழுக்குத் தண்ணீரைத் துளை வழியாக உறிஞ்சும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து, அதை முதலில் வேகவைக்கப் பயன்படுத்துங்கள். விரிசல் விட்டதை வாங்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது, ஆனால் கதவில் வேண்டாம், உள் தட்டில் மூடிய டப்பாவில் வையுங்கள். வைத்ததை வெளியே எடுத்துத் திரும்ப வைக்காதீர்கள். வெளியே வந்த முட்டை வியர்க்கும், அந்த ஈரத்தில் ஓட்டின் மேலுள்ள கிருமி உள்ளே நகரும். முட்டையை உடைத்த கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவாமல் அடுத்த பொருளைத் தொட வேண்டாம்.

கலக்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதில்தான் கவலை அதிகம். கொங்குப் பக்கத்துக் கலக்கியின் ருசியே அது தளதளவென்று இருப்பதில்தான். அப்படி இருக்கும்போது உள்ளே 71 டிகிரி ஏறியிருக்காது. மேலே ஊற்றும் சால்னா கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் ஒரு கரண்டிதானே, முட்டையை அது வேகவைக்காது. ஹாஃப் பாயிலும் இப்படித்தான். பிரிட்டிஷ்காரர்கள் அரைவேக்காட்டு முட்டை சாப்பிடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே 1980களின் கடைசியில் முட்டையால் வந்த சால்மோனெல்லா நாட்டையே உலுக்கியது. பிறகு 1998 முதல் சிங்க முத்திரைத் திட்டத்தில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அதன் பின் 2017-ல்தான், அந்த முத்திரையுள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் வேகாமல் சாப்பிடலாம் என்று அரசு சொன்னது. அந்த முத்திரை நம்மூர்த் தட்டு முட்டையில் கிடையாது. குழந்தை, முதியவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்று தெரிந்தால் கலக்கியை மறுத்து, நன்றாக வெந்த ஆம்லெட் கொடுங்கள். வியாபாரம் ஒன்றிரண்டு குறையலாம், பரவாயில்லை.

வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் உங்கள் பக்கமும் இருக்கும். ஜிம் போகிற பையன்களும் பச்சையாகக் குடிக்கிறார்கள். பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேரும். வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். அவித்த முட்டையோடு நல்லெண்ணெய் கொடுத்தால் சாஸ்திரமும் நிற்கும், பிள்ளைக்கும் நல்லது.

கோழி விஷயம் சுருக்கமாக. கடையில் இறகு பிடுங்கும் இயந்திரமும் வெந்நீர் அண்டாவும் எல்லாக் கோழிக்கும் பொது, அதனால் வாங்கும் கறியில் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். குழாயடியில் கழுவினால் சிதறல் பக்கத்துப் பாத்திரங்கள் மேல் விழும். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் ஆழமான பாத்திரத்தில் அமுக்கிக் கழுவி, தண்ணீரை மெதுவாகக் கொட்டி, சிங்க்கைத் தேய்த்துவிடுங்கள். மஞ்சளும் உப்பும் நாற்றத்தைப் போக்கும், கிருமியைப் போக்காது. ரோலுக்கான துண்டுகளில் பெரியதைக் குத்திப் பார்த்து நடுவில் 74 டிகிரி வரவேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், மசாலா சிவப்பில் எதுவும் தெரியாது. ஊறவைத்த மசாலாவில் மிச்சம் இருப்பதைத் தோசைக்கல்லில் வேகும் துண்டுகள் மேல் கடைசி நேரத்தில் ஊற்றுவது பெரிய தவறு. வெந்ததைப் பெரிய பாத்திரத்தில் குவித்து வைக்காமல், அகலத் தட்டில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். பச்சைக் கறி எப்போதும் கீழ்த்தட்டில்.

உங்களிடம் சண்டைக்கு வந்தவர் விஷயத்துக்கு வருகிறேன். சால்மோனெல்லா உள்ளே போனதிலிருந்து நோய் காட்ட குறைந்தது ஆறு மணி நேரம் ஆகும். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம், சிலருக்கு மூன்று நாளுக்கு மேலும் ஆகும். காய்ச்சல், வயிற்றை முறுக்கும் வலி, பேதி இவைதான் முன்னால் நிற்கும். இரண்டு மணி நேரத்தில் காய்ச்சலில்லாத வாந்தி என்றால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். கையில் ஆறாத புண்ணோ நகச்சுற்றோ உள்ளவர் தொட்ட உணவு வெளியே நின்றால் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி நச்சைச் சுரந்து வைக்கும். அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். ஆகவே அவர் மதியம் சாப்பிட்டதையும் விசாரிக்க வேண்டும். உங்கள் ரோலையும் விட்டுவிட முடியாது. அன்று வெந்த கறி எவ்வளவு நேரம் வெளியே இருந்தது, உதிர்த்தவர் கையில் புண் இருந்ததா என்று பாருங்கள். அதே நாள் வாங்கிய மற்றவர்களுக்குப் போன் செய்து கேளுங்கள். இரண்டு வீட்டில் ஒரே மாதிரி இருந்தால் மிச்ச உணவைக் கொட்டாமல் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அடுத்த வீட்டுக்கும் போகும்.

சால்மோனெல்லாவா என்று உறுதி செய்வது மலப் பரிசோதனையில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான், இரண்டு மூன்று நாளாகும். காய்ச்சல் என்றதும் எடுக்கிற வைடல் டெஸ்ட் டைபாய்டுக்கானது. டைபாய்டும் சால்மோனெல்லா குடும்பம்தான், ஆனால் அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தண்ணீர், கை வழியாக வருவது. கோழி முட்டையிலிருந்து வருவதல்ல.

உங்கள் மாமியார் வாயு, நெஞ்செரிச்சலுக்காகத் தினமும் பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற மாத்திரை எடுக்கிறாரா? வயிற்று அமிலம் குறைந்தால் கிருமி எளிதாகத் தாண்டிவிடும். மாத்திரையை நிறுத்த வேண்டாம், அவர் தட்டில் வேகாத முட்டை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரையுங்கள். பாதிப் பாக்கெட், அரை டம்ளர் கணக்கு வேண்டாம். உப்பின் அளவு தப்பிவிடும். குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பால் குடித்தால் நிறுத்த வேண்டாம். துத்தநாகச் சொட்டு அல்லது மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுக்க வேண்டும். மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லை, கண் குழிந்து மந்தமாகக் கிடக்கிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அந்த வயதில் மாமியாருக்குக் காய்ச்சலோடு பேதி என்றால் முதல் நாளே போவது நல்லது, கிருமி ரத்தத்தில் இறங்க வாய்ப்பு அதிகம்.

ஆரோக்கியமான பெரியவருக்கு நான்கு முதல் ஏழு நாளில் தானாகச் சரியாகும். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். சாதாரண பேதியில் அது நாளைக் குறைப்பதில்லை, மலத்தில் கிருமி வெளியேறும் காலத்தை நீட்டவும் கூடும். யாருக்கு அது தேவை என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். பேதியை உடனே கட்டும் மாத்திரையும் காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது வேண்டாம். உங்களுக்கே வந்துவிட்டால், பேதி முழுக்க நின்று 48 மணி நேரம் கழியும்வரை ஆர்டர் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் சில வாரங்கள் கிருமி மலத்தில் வந்துகொண்டிருக்கும். ஆகவே கழிப்பறை போய் வந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதில் ஒருமுறைகூடத் தவறக் கூடாது. குழந்தைக்கு நாப்கின் மாற்றும் வேலையை, ரோல் போடும் அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டுமாவது வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.